சிங்கிள் ஓனர் கேசட்டு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உள்ளங்கை அகலத்தில் இருந்த ஒரு சாம்பல் நிற பிளாஸ்டிக் பெட்டி என்னை இரும்பு மில்லிலிருந்து விடுதலை செய்துவிடும் என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை. வேலையை விடுகிறேன் என்று கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, கம்பெனி பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அதற்கப்புறம்தான் அந்தப் பிளாஸ்டிக் பெட்டி எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். என் புத்தி வேலை செய்யும் வரிசை அதுதான்.

அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. வீடு மீஞ்சூரில். வேலை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லில், ஃபிட்டராக. மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று பதினேழு வருடமாக அதே ஸ்டேஷன்களைப் பார்த்துப் பார்த்து, தூக்கத்திலேயே சரியான ஸ்டேஷனில் இறங்கப் பழகியிருந்தேன். மில்லில் சிவக்கக் காய்ந்த கம்பி உருளைகளுக்கு நடுவே பாம்பு போல ஓடும். உருளை மக்கர் செய்தால் அந்தச் சூட்டிலேயே குனிந்து பேரிங் மாற்ற வேண்டும். இடது முழங்கால் குனிந்தால் ஒரு சத்தம், நிமிர்ந்தால் ஒரு சத்தம் போட்டது. மில்லில் கிரீஸ் போடாத ஒரே ஜாயின்ட் அதுதான்.

அந்த வாரம் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். ஆள் அதிகமாக இருக்கிறதாம். விருப்ப ஓய்வு வேண்டியவர்கள் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கடிதம் கொடுக்கலாம். கடிதங்கள் திங்கட்கிழமை காலை பதினோரு மணி வேனில் சென்னை ஹெட் ஆபீசுக்குப் போகும். போனது திரும்பி வராது. கையில் கொடுப்பதாகச் சொன்ன தொகை ஒரு வருடம்கூடத் தாங்காது. வீட்டில் சொன்னேன். மனைவி புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்கவே இல்லை.

"எவன் வேணா எய்திக் குடுக்கட்டும், நீ குடுக்காத. பெரியவ இப்பத்தான் பாலிடெக்னிக்ல சேந்துகீறா. அவ முடிக்கிற வரிக்கும் நீ அந்தக் கம்பியோட படுத்துப் பொரண்டாலும் சரி, வேலைக்குப் போற."

"சரி" என்றேன். உண்மையாகவே சரி என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை மதியம் வரைக்கும்.

சனிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து பஜார் வழியாக ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருந்தேன். பாய் கடையிலிருந்து குரல் வந்தது. பாய் பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஃபாரின் சாமான் கடை வைத்திருந்தார். சென்ட், டார்ச், தைலம், வீடியோ கேம். பிறகு ஃபாரின் சாமான் தள்ளுவண்டியிலேயே கிடைக்க ஆரம்பித்ததும், ஆறு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு பிரவுசிங் சென்டர் ஆக்கிவிட்டார். போர்டை மட்டும் மாற்றவில்லை.

"வாத்தியாரே, இங்க வா. இத்தப் பாரு!"

திரையில் ஒரு வீடியோ கேம் கேசட். அதன் ஸ்டிக்கரில் தலையில் விளக்கு கட்டிய ஒரு குள்ளன், கையில் மண்வெட்டியோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

"பாய், இது நம்ம குள்ளன்!"

"அவனேதான். நான் உனக்கு வித்தது. நானூறு சொன்னேன், நீ அடிச்சிப் பேசி முந்நூறுக்கு வாங்கினு போன. இப்ப கீழ விலையப் பாரு. எவனோ வெளிநாட்டுக்காரன் ஏலத்துல எடுத்துகீறான்."

பார்த்தேன். எண்கள் வரிசையாக ரயில் பெட்டி மாதிரி நின்றன.

"இதுல புள்ளி எங்க கீது பாய்?"

"கடைசில கீது. டாலரு. நம்ம காசுக்கு அஞ்சு லட்சத்துக்கு மேல."

விலைக்குக் கீழே பொடி எழுத்தில் ஏழெட்டு வரி இங்கிலீஷ் இருந்தது. நான் படிக்கவில்லை. பாயும் படிக்கவில்லை. அஞ்சு லட்சத்துக்குக் கீழே எழுதியிருப்பதை யார் படிப்பார்கள்?

அந்தக் குள்ளனோடு நான் பழகிய பழக்கம் கொஞ்சநஞ்சமில்லை. கல்யாணமான புதிதில் டி.வி.யோடு வீடியோ கேம் பெட்டியை இணைத்து, கேசட்டைச் செருகிவிட்டு ராத்திரியெல்லாம் மண் தோண்டுவேன். அவன் வைரம் பொறுக்குவான், பெருச்சாளி துரத்தும். படம் வராவிட்டால் கேசட்டை உருவி, அடியில் புஸ்ஸென்று ஊதித் திரும்பச் செருக வேண்டும். மனைவி வேடிக்கை பார்த்துக்கொண்டேயிருந்துவிட்டு ஒருநாள் கையில் வாங்கினாள். ஏழாவது பாதாளத்துக்குப் போய்விட்டாள். நான் கடைசி வரைக்கும் மூன்றைத் தாண்டவில்லை.

இப்போது அந்தக் குள்ளனே என்னை மில் பாதாளத்திலிருந்து வெளியே இழுக்க வந்திருக்கிறான் என்று தோன்றியது. கடிகாரத்தைப் பார்த்தேன். மணி மூன்றரை. ஐந்து மணியோடு மில்லில் கடிதப் பெட்டியைப் பூட்டிவிடுவார்கள். அஞ்சு லட்சம் ஒரு பக்கம், கம்பெனி கொடுக்கும் தொகை இன்னொரு பக்கம். இரண்டையும் வாங்கிக்கொண்டு, மீஞ்சூர் ஸ்டேஷன் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, கதவில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களை வேடிக்கை பார்க்கலாம். அதுதான் என் திட்டம் முழுதும். அதற்கு மேல் ஒரு வரிகூட யோசிக்கவில்லை.

"பாய், ஒரு பேப்பர் குடு."

"குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று ஆரம்பித்து ஆறு வரியில் முடித்தேன். பெயர் எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். ஷேர் ஆட்டோ பிடித்து மில்லுக்குப் போய், நாலே முக்காலுக்கு கேட்டுக்குப் பக்கத்திலிருந்த பெட்டியில் போட்டேன். கடிதம் உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. முழங்கால்கூட வலிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூல் போட்டுப் பரண் ஏறினேன். வீடியோ கேம் பெட்டி ஒரு துணிப்பையில் இருந்தது. வயர் இருந்தது. கேசட் இல்லை.

"இன்னாத்தத் தேடற?" என்று கீழேயிருந்து மனைவி.

"கேசட்டு."

"எந்தக் கேசட்டு?"

"அந்த மண்ணு நோண்றானே..."

"அதுவா! அத்த உன் சினேகிதரு எலக்ட்ரீசியன் வாங்கினு போய் எத்தினி வருசமாவுது. வேப்பம்பட்டுக்கு ஊடு மாத்தினு போனாரே, அப்ப. பசங்க லீவுக்கு ஆடும்னு."

ஸ்டூலில் நின்றபடியே எனக்கு வேர்த்தது. பரணில் ஒரு ஒட்டடை என்னைப் பார்த்து ஆடியது.

"இன்னாத்துக்கு உன் மூஞ்சி இப்டிப் போவுது?"

"தூசி."

அன்று இரவு நான் தூங்கவில்லை என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன். "ஊட்டுக்குள்ளயே வாக்கிங் போறியே, டாக்டரு சொன்னாரா?" என்று அவள் இரண்டு தடவை கேட்டாள்.

இந்த இடத்தில் எங்கள் மில் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஃபிட்டர்கள் கூட்டத்தில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தும்மினால் போதும், காணாமல் போய்விடும். அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே நம்பர் பஞ்ச் என்கிற இரும்பு அச்சை எடுத்து, சொந்தமான எல்லாவற்றிலும் கம்பெனி கொடுத்த டோக்கன் நம்பரைச் சுத்தியால் அடித்துவிடுவோம். என் நம்பர் 318. ஸ்பேனர், டிபன் பாக்ஸ், சைக்கிள் செயின் கவர், செருப்பின் குதிகால், எல்லாவற்றிலும் 318. மற்ற வீடுகளில் குடத்திலும் தட்டிலும் பெயர் வெட்டியிருக்கும். எங்கள் வீட்டில் நம்பர். என் மாமியார் ஒருமுறை சொம்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இன்னா, ஜெயில்லேர்ந்து வாங்கினு வந்தியா?" என்று கேட்டார்.

கேசட்டை இரவல் கொடுக்கும்போதும் அதைச் செய்தேன். பிளாஸ்டிக் என்பதால் அச்சை லேசாகச் சூடு காட்டி அழுத்தினேன். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. எங்கே அழுத்தினேன்? பின்பக்கம் இடமில்லாமலில்லை. கண்ணில் படட்டும் என்று முன்பக்கம், ஸ்டிக்கரின் நட்டநடுவில், குள்ளனின் நெற்றியில். விபூதிப் பட்டை மாதிரி 318.

அந்த நினைவு வந்தபோதுதான் ஞாயிறு விடியற்காலையில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. நம்பர் இருக்கிறது. என்னுடையது இல்லை என்று எவனும் சொல்ல முடியாது.

மீஞ்சூரிலிருந்து வேப்பம்பட்டுக்குப் போக வேண்டுமென்றால் ஒரு ரயிலில் பேசின் பிரிட்ஜ் வரைக்கும் போய், இறங்கி, திருவள்ளூர் பக்கம் போகும் ரயிலுக்கு மாற வேண்டும். பேசின் பிரிட்ஜ் பிளாட்பாரத்தில் அரை மணி நேரம் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். டிக்கெட் பரிசோதகர் என்னை இரண்டு தடவை சோதித்தார். டிக்கெட் இருக்கிறவன் இப்படி நடக்க மாட்டான் என்று நினைத்திருப்பார்.

எலக்ட்ரீசியன் எங்கள் மில்லில் வேலை பார்த்துவிட்டு வேறு கம்பெனிக்கு மாறி, வேப்பம்பட்டில் மனை வாங்கிக் கட்டியவர். லுங்கியோடு வாசலில் நின்றிருந்தார்.

"இன்னா நைனா, சொல்லாம கொள்ளாம?"

"சும்மா, இப்டி வந்தேன்."

"மீஞ்சூர்லேர்ந்து வேப்பம்பட்டுக்கு எவன்யா சும்மா இப்டி வருவான்? பேசின் பிரிட்ஜ்ல எறங்கி ஏறணும். பொண்ணுக்கு மாப்ள பாக்க வந்தியா?"

"அந்த வீடியோ கேம் கேசட்டு உன்னாண்டதான கீது?"

அவர் விரல் விட்டு எண்ணினார். "பன்னெண்டு வருசம் கழிச்சி கேசட்டு கேட்டுனு வந்துகீற?"

"பொண்ணு ஆசைப்படறா."

"பாலிடெக்னிக் படிக்கிற பொண்ணா?"

"சின்னது."

"சின்னது ஒன்பதாவதுல படிக்கிதே."

உள்ளேயிருந்து அவர் மனைவி தேநீரோடு வந்து என்னைக் காப்பாற்றினார். "அது குடில் சாமானோட கீதுண்ணே. பசங்க ஆடறத உட்டப்புறம் நான்தான் எடுத்து வச்சேன். கிறிஸ்மஸ்க்கு மலை கட்டுவோமே, அதுக்கு அடில நாலு கேசட்ட அடுக்கி பிரவுன் பேப்பர் சுத்திட்டேன். நல்லா கெட்டியா நிக்கிது."

எலக்ட்ரீசியன் பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கினார். வைக்கோல், பஞ்சு, ஒரு காது உடைந்த ஆடு, அதற்கடியில் மலை. பிரவுன் காகிதத்தில் பச்சை பெயின்ட் தெளித்து, மெய்யாகவே அழகாக இருந்தது. நான் பிளேடு கேட்டேன். அந்த அம்மாள் முகம் சுருங்கியது.

"ஒரு பக்கமா கீறுண்ணே. வருசா வருசம் அதுதான் மலை."

நாலு கேசட் வெளியே வந்தன. நான் கையை நீட்டுவதற்குள் எலக்ட்ரீசியன் கேசட்டுகளின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"இதுல எது உன்னுதுன்னு இன்னா ருசு?"

அவர் கையை விலக்கினேன். குள்ளனைத் திருப்பிக் காட்டினேன். நெற்றியில் 318.

"அடப்பாவி," என்று அவர் சிரித்துவிட்டார். "மலைக்கி அடிலயும் உன் நம்பரு போவலியே! எடுத்துனு போ. ஆனா ஒரு விசயம், நீ எதையோ மறைக்கிற."

"டிசம்பருக்குள்ள ஒரு செங்கல்லாவது கொண்டாந்து குடுண்ணே," என்றார் அந்த அம்மாள். "இல்லன்னா மலை ஒரு பக்கமா எறங்கிரும்."

கேசட்டைச் சட்டைக்குள் பனியனோடு ஒட்டி வைத்துக்கொண்டு திரும்பினேன். ரயிலில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் எழுந்து வேறு இடத்துக்குப் போனேன். மீஞ்சூரில் இறங்கவில்லை. நேராகக் கும்மிடிப்பூண்டி, பாய் கடை.

பாய் தன் கடையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் எடுப்பார். நீலத் துணிக்கு முன்னால் ஸ்டூலில் குள்ளனை நிறுத்தினார்.

"தலைய நேரா வை. சிரிக்காத," என்று அவனிடம் சொன்னார். அவன் சிரித்துக்கொண்டேதான் இருந்தான்.

ஏலத்தில் எடுத்தவன் மாதிரியே இதையெல்லாம் வாங்கிச் சேர்க்கிற ஒரு வெளிநாட்டுக்காரனின் மெயில் முகவரியைப் பாய் தேடிப் பிடித்திருந்தார். என்ன எழுதலாம் என்று கேட்டார். செகண்ட் ஹேண்ட் பைக் விற்கிறவர்கள் என்ன எழுதுவார்களோ அதுதான் எனக்குத் தெரியும்.

"சிங்கிள் ஓனர்னு போடு பாய். அதுதான் முக்கியம். ஓனரோட நம்பர் அதுலயே குத்திகீதுன்னு போடு. ஒரிஜினல், அழியாதுன்னு போடு."

"சூப்பர் வாத்தியாரே. நம்பருக்கே தனியா ஒரு விலை வைக்கலாம்," என்றார் பாய். நாங்கள் இரண்டு பேரும் அதை நிஜமாகவே நம்பினோம். நம்பர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று, நெற்றியை மட்டும் பக்கத்தில் வைத்து இரண்டாவது படம் ஒன்றும் எடுத்து அனுப்பினோம்.

மறுநாள் திங்கட்கிழமை எனக்கு இரண்டாவது ஷிப்ட். மதியம் இரண்டு மணிக்குப் போனால் போதும். ஆனால் காலை ஏழரைக்கே கிளம்பினேன். "நாஷ்டா கூடத் துன்னாம எங்க ஓடற?" என்று மனைவி கேட்டாள். "ஓவர்டைம்" என்றேன். பாய் ஒன்பது மணிக்குத்தான் கடை திறப்பார். ஷட்டருக்கு முன்னால் முக்கால் மணி நேரம் உலாத்தினேன்.

அவர் வந்து, கம்ப்யூட்டரைப் போட்டார். அது உயிர் பெற்று வருவதற்குள் எனக்கு இரண்டு தடவை உயிர் போய் வந்தது. நெட் வரவில்லை. போனை எடுத்துப் பார்த்தார், வயரை ஆட்டினார். நான் வயரின் முனையை வாங்கி ஊதினேன். பழக்கதோஷம். பத்தே முக்காலுக்கு மெயில் திறந்தது. பதில் வந்திருந்தது. பாய் உதட்டை அசைத்துக்கொண்டே படித்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இன்னா சொல்றான்?"

"மொதல்ல, இத்த யார் செஞ்சதுன்னு கேக்கறான்."

"எத்த?"

"நெத்தில குத்தினத. அழுவாத கொறையா எய்திகீறான்."

"மேல படி."

"அந்த அஞ்சு லட்சம், சீலு பிரிக்காத டப்பாவுக்காம் வாத்தியாரே. கடைலேர்ந்து வாங்கி, ஒருவாட்டி கூடப் பிரிக்காம, ஆடாம வச்சிருக்கணுமாம். டப்பா இல்லாத வெறும் கேசட்டு எல்லார் ஊட்லயும் கீதாம். அதுலயும் நம்பரு குத்தினத எவனும் தொட மாட்டானாம். பசங்க யாராச்சும் இருந்தா ஆடக் குடுன்றான்."

"ஆடாம வைக்கறதுக்கு இன்னாத்துக்குய்யா கேம் வாங்கறானுங்க?" என்று கத்தினேன். பாய் தோளைக் குலுக்கினார். பிறகு, மெதுவாக, முந்தாநாள் பார்த்த பக்கத்தைத் திறந்து, விலைக்குக் கீழே இருந்த பொடி எழுத்தைப் படிக்க ஆரம்பித்தார். முதல் வரியிலேயே அது இருந்தது.

அப்போதுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து ஐம்பத்திரண்டு. பதினோரு மணி வேன்.

குள்ளனை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். ஷேர் ஆட்டோ ஒன்று நின்றிருந்தது. இன்னும் இரண்டு பேர் ஏறினால்தான் எடுப்பேன் என்றான் ஆட்டோக்காரன். "ரெண்டு பேர் காசும் நான் தரேன், எடு!" "மூணு பேரு சீட்டுல ஒருத்தரே உக்காருவீங்களா சார்?" என்றான். உட்கார்ந்தேன். நிம்மதியாக உட்காரத்தான் முடியவில்லை. பாலிடெக்னிக் சேர்க்கைக்கு வரிசையில் நின்றபோது என் மகள் ஃபைலை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தது ஞாபகம் வந்தது. கேசட்டை நான் ரயிலில் அணைத்து வைத்திருந்தேனே, அப்படியே. மனைவியிடம் எந்த வாயால் சொல்வது? "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று எழுதிக் கொடுத்தவனுக்குக் குடும்பச் சூழ்நிலை இனிமேல்தான் ஆரம்பம்.

மில் கேட்டுக்கு நாங்கள் வரவும் வெள்ளை வேன் வெளியே திரும்பவும் சரியாக இருந்தது. ஆட்டோவிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி இரண்டு கையையும் ஆட்டினேன். வேன் டிரைவர் எனக்குத் தெரிந்தவர். சந்தோஷமாகப் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஐந்து நிமிடம் நான் என்ன செய்தேன் என்று சரியாகத் தெரியவில்லை. வாட்ச்மேன் பிறகு சொன்னபடி, கேட்டுக்கு வெளியே பத்தடி ஓடினேனாம், திரும்பி வந்தேனாம், மறுபடி ஓடினேனாம். "வேன புடிக்கப் போறியா, வுடப் போறியா, முடிவு பண்ணிக்கோ தலைவா" என்று சொன்னானாம்.

கடைசியில் பர்சனல் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். அங்கே ஃபைல் எல்லாம் பார்க்கிற மேடம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"வாங்க. உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். விருப்ப ஓய்வு லெட்டர் போட்டது நீங்களா?"

ஒரு அடி முன்னால் வைத்தேன். முழங்கால் மட்டும் பதில் சொன்னது.

"உங்க பேர்ல இந்த மில்லுல மூணு பேர் இருக்கீங்க. லெட்டர்ல டோக்கன் நம்பரே இல்ல. யாருன்னு தெரியாம நான் எப்படி அனுப்புறது? அதான் நிறுத்தி வச்சிட்டேன்." மேசை டிரேயிலிருந்து என் ஆறு வரிகளை எடுத்து என் பக்கம் தள்ளினார். மேலே ஒரு பேனாவையும் வைத்தார். "நம்பரைப் போட்டுக் குடுங்க. வேன் போனா என்ன, மத்தியானத்துக்குள்ள ஃபேக்ஸ்ல அனுப்பிடறேன். கவலைப்படாதீங்க."

நல்ல மனசு அந்த அம்மாவுக்கு. நான் பேனாவைத் தொடவில்லை.

"நம்பர் ஞாபகம் இல்ல மேடம்."

"பதினேழு வருஷமா வேலை பார்க்கிறீங்க, நம்பர் ஞாபகம் இல்லையா?"

"இல்ல மேடம்."

அவர் பார்வை என் சட்டைப்பை மேல் குத்தியிருந்த பேட்ஜுக்குப் போனது. அதில் 318 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் கூரையில் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தேன்.

"வீட்டுல தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது மேடம்."

"அப்ப இது யாரோ போட்ட லெட்டர்," என்று சொல்லி, பேனாவை எடுத்து மூடிவிட்டு, அடுத்த ஃபைலைத் திறந்தார்.

கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மணி பதினொன்றரைதான் ஆகியிருந்தது. கான்டீனில் நாலு இட்லி சாப்பிட்டேன். கடிதத்தைக் கிழித்துக் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்திலிருந்த டிரம்மில் போட்டேன்.

கேசட்டை யாரும் வாங்கவில்லை. பாய் கடையிலிருந்து எடுத்துக்கொண்டுபோய், டிசம்பருக்கு முன்பே வேப்பம்பட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டு செங்கல்லும் சேர்த்துக் கொண்டுபோனேன். என் மகள் பாலிடெக்னிக் முடித்தாள். அந்தத் திங்கட்கிழமை இரண்டு மணிக்கு நான் ஷிப்ட் ஏறினேன். நான்காவது உருளையில் பேரிங் போயிருந்தது. குனிந்து மாற்றினேன்.